‘ஷோ அப்’, ‘ஹேங் அவுட்’, ‘லெட் டவுன்’: பேச்சுத் தமிழ்ல எப்படிக் கொண்டு வர்றது?

மூடாப்பு, கோத்தகிரி

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா வீட்ல இருந்தே சப்டைட்டில் வேலை பண்றேன், இங்கிலீஷ் சீரியல் வரும், அதுக்குத் தமிழ்ல வரி எழுதிக் குடுக்கணும். கதை சாதாரணக் கதைதான், சின்ன ஊரு, ஒரு அப்பா, பிரிஞ்சு போன அம்மா, பத்து வயசுப் பொண்ணு, காலேஜ் படிக்கிற அண்ணன், அவனோட ஃப்ரெண்ட்ஸ். பெரிய வார்த்தை ஒண்ணு கூடக் கிடையாது, எனக்குக் கஷ்டமே அதுதான். பெரிய வார்த்தைன்னா அகராதியப் பாத்து எழுதிரலாம். இவங்க பேசுறது பூரா கெட், புட், டேக், மேக், அதுக்குப் பின்னாடி ஒரு அப், ஒரு அவுட், ஒரு ஆஃப். தனித்தனியா எல்லாம் தெரிஞ்ச வார்த்தை, சேந்து வந்தா வேற எங்கயோ போயிருது.

போன வாரம் முதல் எபிசோடு திரும்பி வந்துருச்சு. சரி பாக்குறவங்க “அர்த்தம் சரி, ஆனா வீட்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க”ன்னு எழுதியிருந்தாங்க. நிதானமா படிச்சுப் பாத்தேன், அவங்க சொன்னது நெசம். ‘ஐ கான்ட் புட் அப் வித் ஹிம்’க்கு “அவனை என்னால் சகித்துக்கொள்ள இயலாது”ன்னு போட்டிருக்கேன். ‘வீ ஜஸ்ட் ஹங் அவுட்’டுக்கு “நாங்கள் ஒன்றாக நேரம் செலவழித்தோம்”. ‘ஷீ ஷோட் அப் அட் மை டோர்’க்கு “அவள் என் வாசலில் தோன்றினாள்”, தோன்றுறதுங்கிறது சாமிக்குச் சொல்ற வார்த்தை. கடைசியைப் பேச்சா மாத்தி “தோணுனா”ன்னு போட்டுப் பாத்தேன், இன்னும் மோசம்.

இதுக்கு ஏதாவது வழிமுறை இருக்கா, இல்ல ஒவ்வொண்ணையும் தனித்தனியாத்தான் யோசிக்கணுமா? இப்போ நான் மாட்டிக்கிட்டு இருக்கிறது ஷோ அப், ஹேங் அவுட், புட் அப் வித், மேக் அப் (சண்டை தீந்து சேர்றது ஒண்ணு, இல்லாததைச் சொல்றது ஒண்ணு), அப்புறம் லெட் டவுன். லெட் டவுன் ரொம்ப முக்கியம். பொண்ணு ஸ்கூல்ல நாடகம் போடுறா, அப்பா வர்றேன்னு சொல்லிட்டு வரல, அவ மேடையில நின்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. ராத்திரி அவர் வந்து கட்டில் ஓரத்துல உக்காந்து ‘ஐ லெட் யூ டவுன்’ங்கிறாரு. ரெண்டு செகண்டு கூட இல்ல. மூணு நாளா எழுதி எழுதி அழிக்கிறேன்.


பழைய வாத்தியார், கொடைக்கானல்

வணக்கம்மா. இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். இந்தப் பாடத்தைப் புள்ளைங்களுக்கு எப்படி நடத்தியிருக்கணும்னு வேலைய விட்டப்புறம்தான் எனக்கே பிடிபட்டுச்சு, அதனால நீட்டியே எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நம்ம ஸ்கூல்ல ஃப்ரேசல் வெர்பை எப்படி நடத்துறோம்? புட் ஆஃப்னா போஸ்ட்போன், புட் அப் வித்னா டாலரேட், கால் ஆஃப்னா கேன்சல், ஃபைண்ட் அவுட்னா டிஸ்கவர். பரீட்சைக்கு இது போதும். ஆனா இதுல அடுப்படியில பேசுற வார்த்தைய ஆபீஸ் வார்த்தையா மாத்தி மனசுல வச்சுக்கிறோம், தமிழுக்குக் கொண்டு வரும்போது அந்த ஆபீஸ் வார்த்தையத்தான் மொழிபெயர்க்கிறோம். போஸ்ட்போன்னா ஒத்திவை, டாலரேட்னா சகித்துக்கொள். உங்க வரி விறைப்பா நிக்கிறதுக்குத் தமிழ் காரணம் இல்லம்மா, நடுவுல வந்து உக்காந்திருக்கிற அந்த லத்தீன் வழி வார்த்தைதான் காரணம். அதை எடுத்துட்டு நேரா பாருங்க, புட் ஆஃப்னா தள்ளிப் போடுறது. அவ்வளவுதான், ‘ஆஃப்’புக்குத் ‘தள்ளி’ கூட அமைஞ்சு போச்சு.

உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்ல இது. சாமுவேல் ஜான்சன் 1755ல தன் அகராதிக்கு எழுதின முன்னுரையிலயே, வெளியாளுங்களுக்கு இந்த மொழியில ரொம்பச் சிரமம் குடுக்கிறது இதுதான்னு சொல்லி வரிசையா உதாரணம் அடுக்குறாரு. அதுல டேக் ஆஃப்க்கு அவர் குடுக்கிற அர்த்தம் காப்பி அடிக்கிறது. இன்னிக்கு டேக் ஆஃப்னா விமானம் கிளம்புறது, சட்டையக் கழட்டுறது, ஒரு யாவாரம் சூடு பிடிக்கிறது, சட்டுன்னு எந்திரிச்சுப் போயிர்றது. ஃப்ரேசல் வெர்ப்ங்கிற பேரே 1925ல லோகன் பியர்சால் ஸ்மித் எழுதினதுக்கு அப்புறம்தான் பரவுச்சு, அதுவரைக்கும் பேரு நிலையா இல்லாமலே எல்லாரும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

இப்போ நீங்க கேட்ட வழிமுறை. அவங்களுக்கு வினைக்குப் பின்னாடி ஒட்டுற சின்னச் சொல் செய்யிற வேலைய, நமக்கு வினைக்குப் பின்னாடி ஒட்டுற இன்னொரு வினை செய்யுது. இலக்கணத்துல துணைவினைம்பாங்க. விடு, போ, கொள், வை, தள்ளு, தொலை, தீர், கிழி இந்த மாதிரி. எழுதினான்னா சும்மா எழுதினான். எழுதிட்டான்னா முடிச்சாச்சு. எழுதி வச்சான்னா பின்னாடி உதவும்னு. எழுதிக்கிட்டான்னா தனக்காக. எழுதித் தள்ளினான்னா நிறுத்தாம, கட்டுக் கட்டா. எழுதித் தொலைச்சான்னா சொல்றவனுக்கு எரிச்சல். பாருங்க, எழுதுங்கிற வினை அப்படியே இருக்கு, பக்கத்துல வந்தது மாற மாற பேசுறவன் மனசு மாறுது. ரைட் டவுன்னு வந்தா எழுதி வை, சர்ன் அவுட்னு வந்தா எழுதித் தள்ளு. ‘ஈட் அப்’ல இருக்கிற அப்புக்கு மேலன்னு அர்த்தமே கிடையாது, மிச்சம் வைக்காமங்கிற அர்த்தம்தான், நமக்கு ‘சாப்பிட்டுரு’ல ‘ரு’ன்னு தேஞ்சு வர்ற அந்த ‘விடு’ அதே வேலையத்தான் பாக்குது.

ஜான்சன் வரிசையில ‘செட் இன்’ங்கிறதும் உண்டு, ஒண்ணு ஆரம்பிச்சு அப்படியே நெலைச்சு நிக்கிறது. இங்க சாயங்காலம் ஏரிப் பக்கம் பாத்துட்டு “மேகம் எறங்கிருச்சு”ன்னு சொல்லுவோம், இனி லேசுல போகாதுன்னு அர்த்தம். எறங்குச்சுன்னா எறங்குச்சு அவ்வளவுதான், எறங்கிருச்சுங்கிறப்போதான் செட் இன் வருது. மழை லெட் அப் ஆனா எங்க பக்கம் “மழை வெறிச்சிருச்சு”. இதுல அப்பைத் தேடினா கிடைக்காது. மலையில இருக்கிறவங்க தெனமும் வானத்தைப் பத்திப் பேசுற இந்த வாய்ப்பேச்சைக் கவனிச்சாலே பாதிப் பாடம் முடிஞ்சுருது.

மொழியியலாளர் இ. அண்ணாமலை துணைவினைகளைப் பத்தி விரிவா ஆராய்ஞ்சிருக்காரு. 1992ல வந்த க்ரியா அகராதியில இதுக்குத் தனியா அர்த்தம் போட்டிருப்பாங்க, கையில வச்சுக்கங்க, இங்கிலீஷ் அகராதிய விட அது உங்க வேலைக்கு ஒத்தாசை பண்ணும்.


36 கொண்டை ஊசி, ஊட்டி

வாத்தியார் ஐயா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் டாக்ஸி ஓட்டுறேன், மொழிபெயர்ப்பு எல்லாம் தெரியாது, ஆனா தெனமும் வண்டிக்குள்ள கேக்குறதை வச்சு ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

ஸ்விட்ச் ஆஃப்ங்கிறதை நம்ம ஆளுங்க என்ன பண்ணியிருக்கோம்? “லைட்டை ஆஃப் பண்ணு”. ஸ்விட்ச்சைத் தூக்கிப் போட்டுட்டு ஆஃபை மட்டும் வச்சுக்கிட்டோம். ஆனா ட்ராப் ஆஃப்ல பாருங்க, “சேரிங் கிராஸ்ல ட்ராப் பண்ணிருங்க”ன்னுதான் சொல்றாங்க, அங்க ஆஃபைத் தூக்கிப் போட்டுட்டு ட்ராப்பை வச்சுக்கிட்டோம். பிக்கப்ல ரெண்டையும் சேத்து ஒரே வார்த்தையாக்கி பண்ணு போட்டாச்சு, “காலையில அஞ்சு மணிக்கு பிக்கப் பண்ணிக்கங்க”. அதே பிக்கப் வண்டிக்கும் உண்டு, கல்லட்டி ஏத்தத்துல “வண்டி பிக்கப் இல்ல”ம்போம், வழியில நின்னா ப்ரேக்டவுன் ஆயிருச்சு. இதெல்லாம் இங்கிலீஷ்னு நெனச்சுக்கிட்டு யாரும் பேசுறதில்ல, எங்க அம்மா ஸ்கூலுக்கே போகாதவங்க, அவங்களும் “மோட்டாரை ஆஃப் பண்ணுடா”ன்னுதான் சொல்லுவாங்க.

அதனால அந்தக் காலேஜ் பையன் ‘வீ ப்ரோக் அப்’னு சொன்னா “ப்ரேக்கப் ஆயிருச்சு”ன்னே போடுங்க தங்கச்சி. அந்த வயசுப் பசங்க வண்டியில பின்னாடி உக்காந்து பேசுறதை எத்தனை தடவை கேட்டிருக்கேன், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தமிழ் வார்த்தை போட்டே ஆகணும்னு கட்டாயப்படுத்திக்க வேண்டாம்.


கவாத்துக் கத்தி, கூடலூர்

அக்கா, ஷோ அப் பத்தி மட்டும் முதல்ல. அது ஒரே வார்த்தையா வராது, ஆள் வந்தாளா வரலையாங்கிறதைப் பாருங்க. எதிர்பாக்காத நேரத்துல வந்தா “நடுராத்திரி வாசல்ல வந்து நிக்கிறா”. அந்த ‘வந்து நிக்கிறா’லயே திடீர்னு வந்தது, எதுக்கு வந்தாள்னு தெரியாதது, கதவத் தொறந்தவனோட திகைப்பு எல்லாம் இருக்கு. கண்டிப்பா வரணும்னு நெனச்ச ஆள் வராமப் போனா “எட்டிக்கூடப் பாக்கல”, “தலையே காட்டல”. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ஷோ அப், நமக்கு ரெண்டு வழி. ‘ட்ராப் பை’ங்கிறதுக்கும் இதே எட்டிப் பாக்குறதுதான், “ஒரு நாள் வீட்டுப் பக்கம் எட்டிப் பாரு”.

துணைவினை நமக்கு மட்டும் இல்ல, இந்தப் பக்கம் எல்லா மொழியிலயும் இருக்கு. இங்க பாதிப் பேரு மலையாளம், அவங்க “போய்க்களஞ்ஞு”ன்னு சொல்லுவாங்க, சொல்லிக்காம எந்திரிச்சுப் போயிட்டான்னு ஒரு வருத்தம் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும், வாத்தியார் சொன்ன டேக் ஆஃப்ல கடைசி அர்த்தத்துக்கு அப்படியே பொருந்துது. கன்னடத்துல “ஹோகிபிட்ட”, நம்ம போயிட்டான்லயும் அதே விடுதான்.

ஒரே ஒரு இடத்துல வாத்தியார்கிட்ட மாறுபடுறேன். எல்லாத்துக்கும் துணைவினைய நம்ப முடியாதுங்க சார். எங்க வீட்ல தாத்தா பாட்டி 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்தவங்க, எங்க வீட்ல எல்லாருக்கும் தோட்ட வேலை. தேயிலைச் செடிய நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டி எறக்குவோம், இங்கிலீஷ்ல கட் பேக், எங்களுக்கு அது கவாத்து. வெட்டுங்கிற வினையும் இல்ல, துணைவினையும் இல்ல, தொழிலுக்குள்ள அந்த வேலைக்குன்னே ஒரு பேரு இருக்கு. அதே கட் பேக் செலவுக்கு வந்தா “செலவைச் சுருக்கிக்க”. ஆக வாக்கியத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி, அந்தக் காரியத்தைச் செய்யிற ஆள் நம்ம ஊர்ல யாரு, அவர் அதை என்னன்னு சொல்லுவார்னு ஒரு தடவை கேக்கணும். வெட்டிட்டான், வெட்டித் தள்ளிட்டான்னு எழுதினா தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு நெஞ்சு பதறும், செடியே போச்சுன்னு.


மூடாப்பு, கோத்தகிரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி கரண்ட் இல்ல, மழை விடாம பெய்யுது, இப்போதான் எல்லாத்தையும் படிச்சேன்.

“நடுராத்திரி வாசல்ல வந்து நிக்கிறா” போட்டாச்சு. படத்துல அவன் கதவத் தொறக்கிற வேகத்துக்குச் சரியா உக்காருது. புட் அப் வித்துக்கு வாத்தியார் சார் சொன்ன மாதிரி டாலரேட்டை மறந்துட்டு யோசிச்சேன், அந்த அம்மா பல வருஷம் குடும்பம் நடத்திட்டு அலுத்துப் போய்ச் சொல்ற வரி அது, எங்க பெரியம்மா அந்த எடத்துல என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சேன். “இனிமே அவரோட என்னால மல்லுக்கட்ட முடியாது”. இங்கிலீஷ் வரிய விடக் கொஞ்சம் காரம் கூடுதோன்னு ஒரு சந்தேகம்.

இன்னொரு சந்தேகம். எங்க வீட்ல எல்லாரும் ‘சொல்லிப்போட்டு வந்தேன்’, ‘குடிச்சுப்போட்டுப் போ’ன்னுதான் பேசுறது. முதல் எபிசோடுல அந்த மாதிரி நாலஞ்சு போட்டிருந்தேன், சரி பாக்குறவங்க “கோபமா கேக்குது”ன்னு எழுதிட்டாங்க. எனக்கு அதுல கோபமே தெரியல. லெட் டவுன் இன்னும் அப்படியேதான் நிக்குது.


ரெண்டு வரி, குன்னூர்

நானும் இதே வேலைதான், ஒம்பது வருஷம் ஆச்சு.

போடு விஷயம் ஊர் விஷயம்மா. கோயமுத்தூர்ல இருந்து நம்ம மலை வரைக்கும் போடு சாதாரணப் பேச்சு, முடிச்சுட்டுன்னு அர்த்தம். மத்த ஊர்க்காரங்க காதுக்கு அது தூக்கி எறியிற மாதிரி விழும். பாக்குறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அதனால விடுவை வச்சுக்கிட்டுப் போடுவைக் கொறைச்சுக்கங்க. உங்க வீட்டுப் பேச்சு தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, கதையில நம்ம பக்கத்து ஆள் யாராவது வந்தா அன்னிக்கு எடுத்துக்கலாம். வாத்தியார் ஐயாவோட மழை வெறிச்சிருச்சையும் நான் அப்படித்தான் வச்சிருக்கேன், எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா சப்டைட்டில்ல மழை விட்டுருச்சுன்னுதான் போடுவேன். படிக்கிறவங்க ஒரு வார்த்தையில நின்னுட்டா அடுத்த வரி போயிரும்.

தொலை, தள்ளு, கிழி இது மூணையும் அளந்து போடுங்க. இதுல பேசுறவன் மனசு ரொம்பத் தெரியும். இங்கிலீஷ்ல ‘கம் ஆன் ஓவர்’னு சாதாரணமா கூப்பிட்டதுக்கு ‘வந்து தொலை’ன்னு போட்ட ஒரு ஃபைலைப் பாத்திருக்கேன், அந்த ஒரு வரியால ரெண்டு ஃப்ரெண்டுக்கு நடுவுல இல்லாத கசப்பு வந்துருச்சு. மல்லுக்கட்டுறது சரிதான், விட்டுராதீங்க, அலுத்துப் போன பொம்பளை சொல்ற வரிக்கு அந்தக் காரம் வேணும்.

ஹேங் அவுட்டுக்கு நமக்கு ஒரு பெரிய வார்த்தை இருக்கு, யாரும் எடுக்கிறதில்ல. சும்மா. அப்பா என்னடா பண்ணீங்கன்னு கேக்குறாரு, பையன் ‘வீ ஜஸ்ட் ஹங் அவுட்’ங்கிறான். “சும்மாதான் இருந்தோம்.” இதுல நேரம் செலவழிச்சது, காரியம்னு ஒண்ணும் இல்லாதது, இதுக்கு மேல கேக்காதீங்கன்னு அவன் நிறுத்துறது, மூணும் வந்துருச்சு. ஊர் சுத்துற காட்சின்னா “சும்மா சுத்திக்கிட்டு இருந்தோம்”.

மேக் அப்ல, இல்லாததைச் சொல்றது கதை கட்டுறது, கொஞ்சம் பெருமையா அளக்குறவனா இருந்தா அளந்து விடுறது. சண்டை தீந்ததுக்கு யார் பேசுறாங்கன்னு பாருங்க. பெரியவங்கன்னா “சமாதானம் ஆயிட்டாங்க”, “ராசி ஆயிட்டாங்க”. அந்தப் பத்து வயசுப் பொண்ணு தன் ஃப்ரெண்டைப் பத்திச் சொன்னா “பழம் விட்டுட்டோம்”. காய் விடுறதும் பழம் விடுறதும் தெரியாத தமிழ்ப் புள்ளை இருக்காது. இந்த மாதிரி ஒரு வரி மாட்டுற அன்னிக்கு எனக்கு நாள் பூரா சந்தோஷமா இருக்கும்.

லெட் டவுனுக்கு இதுவரைக்கும் என்னென்ன எழுதி அழிச்சீங்க? போடுங்க, பாப்போம்.


மூடாப்பு, கோத்தகிரி

“உன்னைக் கைவிட்டுட்டேன்”, “உன் நம்பிக்கையைக் கெடுத்துட்டேன்”, “உன்னை ஏமாத்திட்டேன்”. மூணாவதுதான் கிட்ட வருது, ஆனா காசு ஏமாத்தின மாதிரி படிச்சுருவாங்களோன்னு பயமா இருக்கு.


கவாத்துக் கத்தி, கூடலூர்

கைவிட்டுட்டேன் வேண்டாம்க்கா. அது புள்ளைய விட்டுட்டே போயிட்டவன் சொல்றது. எங்கப்பாவா இருந்தா இப்படி நேராச் சொல்லியே இருக்க மாட்டாரு, பக்கத்துல உக்காந்து “ரொம்ப ஏமாந்துட்டியாடா?”ன்னு கேட்டிருப்பாரு. கேள்வியா மாத்திப் பாருங்களேன்.


பழைய வாத்தியார், கொடைக்கானல்

கூடலூர்த் தம்பி சொன்னது அழகா இருக்கு. ஏமாத்துறதுங்கிறதுக்கு நீங்க பயப்படவே வேண்டாம்மா, ஏமாற்றம்ங்கிற வார்த்தை நமக்கு வஞ்சகத்துக்கும் உண்டு, எதிர்பாத்தது கெடைக்காமப் போனதுக்கும் உண்டு. திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போகாம விட்டா “புள்ளைய ஏமாத்திட்டியேப்பா”ன்னு வீட்ல கெழவி சொல்லும், அதுல காசு எங்க வந்துச்சு?


ரெண்டு வரி, குன்னூர்

கேள்வி நல்லா இருக்கு தம்பி, ஆனா இந்த எடத்துல வேண்டாம். ‘ஐ லெட் யூ டவுன்’ல முதல் வார்த்தை ‘ஐ’. தப்பைத் தன் மேல எடுத்துக்கிறாரு. கேள்வியாக்கினா ஏமாந்தது அவளோட காரியம் ஆயிரும், அவர் பக்கத்துல உக்காந்து விசாரிக்கிறவர் ஆயிருவாரு. மூடாப்பு, இதுக்கு முன்னாடி எங்கயாவது அந்த அப்பா தப்பை ஒத்துக்கிட்டிருக்காரா?


மூடாப்பு, கோத்தகிரி

இல்ல. இதுதான் முதல் தடவை. அஞ்சு எபிசோடு பூரா ஆபீஸ் மேல, ரோடு மேல, அவங்க அம்மா மேல பழி போட்டுக்கிட்டே வர்றாரு.

நீங்க கேட்டதும் திரும்பப் போய்ப் படத்தைப் பாத்தேன். சொல்லும்போது அவர் பொண்ணைப் பாக்கவே இல்ல, போர்வையப் பாக்குறாரு. நம்ம வீட்ல அப்பாங்க புள்ளைகிட்ட மனசு விட்டுப் பேசுற நேரத்துல ‘நான்’னு சொல்ல மாட்டாங்க இல்லையா, ‘அப்பா’ன்னு தன்னையே சொல்லிக்குவாங்க. அதை முன்னாடி வச்சு எழுதிப் பாத்தேன்.

“அப்பா உன்னை ஏமாத்திட்டேன்மா.”

மூணே வார்த்தை. அப்பான்னு வந்ததுமே காசு ஏமாத்தின அர்த்தம் விலகிப் போச்சு, தப்பு அவர் மேலயே இருக்கு, கடைசில இருக்கிற மாங்கிறதுக்கு அவர் வாயசைவும் கிட்டத்தட்ட ஒத்து வருது. அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சு, சத்தத்தை நிறுத்திட்டு வரிய மட்டும் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு “அந்தப் புள்ளை என்ன சொல்லுச்சு?”ன்னு கேட்டாங்க.

அவ ‘இட்ஸ் ஓகே’ன்னு சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறா. அதுக்கு “பரவால்ல”ன்னு போட்டிருக்கேன். கரண்ட் இருக்கும்போதே ஃபைலை அனுப்பிர்றேன்.